அது யோயோ இல்ல தம்பி

அயிரைச் சாதி மீன்களான லோச்சுகளில் கரைகண்டவர் லோச் பண்டிதர்; ஆனால் எந்த மீனுக்கும் பெயர் சொல்வதில்லை. அது எந்த மீன் இல்லை என்பதைத்தான் சொல்வார். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் விலை பேசி, பாலிதீன் பையில் காற்றடைத்து வாங்கி வந்த இரண்டு விரல் நீள மீனைக் காட்டி, "அண்ணே, இது யோயோ லோச்சுதானே?" என்று ஒருவர் கேட்டால் முதலில் தலை இடமும் வலமும் ஆடும். வாய் அப்புறம்தான் திறக்கும். "அது யோயோ இல்ல தம்பி." பின்னே என்ன என்பதற்கு அன்று பதில் கிடைக்காது. சில சமயம் அந்த மாதம் முழுக்கக் கிடைக்காது.

யோயோ என்ற பெயரே அவருக்கு ஆகாது. ஆங்கில ஒய்யும் ஓவும் மாறி மாறி எழுதினாற்போல் உடம்பில் கோடு இருப்பதால் வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதையே பாகிஸ்தானி லோச் என்றும் விற்பார்கள். பண்டிதர் வாயில் அது போட்டியா அல்மோரே. அல்மோரா என்ற மலையூரை வைத்து 1831இல் கிரே என்பவர் சூட்டிய பெயர். அப்படியானால் அதையாவது சொல்லித் தொலைக்கலாம். அதுவும் முடியாது. 1912இல் சௌத்ரி என்பவர் போட்டியா லோஹசாட்டா என்று ஒன்றை விவரித்து வைத்துவிட்டார். இரண்டும் ஒரே மீன் என்பது ஒரு கட்சி; வேறு வேறு என்பது இன்னொரு கட்சி. பண்டிதர் எந்தக் கட்சி என்பது, எதிரே நிற்பவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்தது.

பெயர் சொல்லாமல் காலம் தள்ள அவரிடம் உள்ள பெரிய ஆயுதம் போட்டோ. முதலில் பக்கவாட்டில் ஒன்று கேட்பார். அனுப்பினால் மேலிருந்து ஒன்று. பிறகு கீழிருந்து, வாய் தெரிகிற மாதிரி; மீசை ஆறா எட்டா என்று எண்ண வேண்டுமாம். பிறகு முதுகுத் துடுப்பை விரித்த நிலையில். லோச் பகலெல்லாம் கல்லுக்கடியில் கிடக்கும் சாதி. கைபேசியைத் தூக்கியவுடன் கடன்காரனைக் கண்டதுபோல் மறைந்துவிடும். அதனால் கேட்டவர் இரவு பதினொரு மணிக்கு விளக்கணைத்து, தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துக் காத்திருக்கிறார். வீட்டில் உள்ளவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்ப் படுக்கிறார்கள். பதினான்கு படம் போகிறது. மறுநாள் மதியம் பதில் வருகிறது: "கொஞ்சம் மங்கலா இருக்கே. பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒண்ணு எடுங்களேன்." ஸ்கேல் வைத்து எடுத்தால், "முள்ளு தெரியலையே" என்பார்.

முள் விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. போட்டியா வகைகளுக்கும் அயிரைக் கூட்டத்துக்கும் கண்ணுக்குக் கீழே, மடக்கி விரிக்கும் கத்திபோல ஒரு முள் உண்டு. ஓடைக் கற்களோடு ஒட்டிக்கிடக்கும் பலிடோரா, நெமக்கைலஸ் குடும்பங்களுக்கு அது கிடையாது. ஆகவே முள் உண்டா இல்லையா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். வலையில் பிடித்தால் அந்த முள் நூலில் மாட்டிக்கொள்ளும். பாலிதீன் பையைக்கூடக் குத்திக் கிழிக்கும். பண்டிதரின் கட்டைவிரலிலும் அது குத்தியிருக்கிறது. அந்தத் தழும்பைச் சான்றிதழ் மாதிரி காட்டுவார்.

கோலத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாதே என்பது அவருடைய இன்னொரு உபதேசம். அதுவும் சரிதான். மியான்மார் எல்லைப்பக்கத்து ஆறுகளில் கிடைக்கும் குபோத்தாய் என்ற போட்டியாவைக் குட்டியில் ஒரு முறையும் வளர்ந்தபின் ஒரு முறையும் பார்த்தால், பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. பெயர் வைப்பதற்கு முன்பே அது கடைத் தொட்டிகளுக்கு வந்துவிட்டது. 2004இல்தான் மீனியல் அறிஞர் மோரிஸ் கொட்டெலா அதை விவரித்து, கட்சுமா குபோத்தா என்பவரின் பெயரைச் சூட்டினார். குபோத்தா ஒரு மீன் ஏற்றுமதியாளர். "வியாபாரிக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்?" என்று நாளுக்கு நாலு தரம் கேட்கிற பண்டிதர், மந்திரம்போல உச்சரிக்கிற அறிவியல் பெயரில் ஒரு வியாபாரி உட்கார்ந்திருக்கிறார். இதை எடுத்துச் சொன்னால் அன்றைக்கு அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

அதே கொட்டெலா 2012இல் உலக லோச்களைத் தொகுத்தபோது பட்டியல் ஆயிரம் இனங்களைத் தாண்டியது. அதில் ஷிஸ்டுரா என்ற ஒரு பேரினத்திலேயே எண்ணி மாளாத மீன்கள். மிகவும் நெருக்கிப் பிடித்தால் பண்டிதர் அங்கேதான் போய் ஒளிவார். "ஷிஸ்டுரா எஸ்.பி." என்பார். எஸ்.பி. என்றால், பேரினம் தெரிகிறது, இனம் தெரியவில்லை என்று பொருள். மூன்று வாரம் படம் பிடித்தவர், தன் மீனுக்குப் போலீஸ் உத்தியோகம் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்து போகிறார்.

கடையில் அவரைப் பார்க்க வேண்டும். தொட்டி முன் மண்டியிட்டு, மூக்கு கண்ணாடியில் ஒட்ட, நூறு மீன் உள்ள லாட்டில் வேறாக இருக்கும் ஒன்றைத் தேடுவார். கடைப் பையன், "லோச்சு சார், அடியில இருக்கிற குப்பையெல்லாம் தின்னுடும்" என்று யாருக்காவது சொல்வது காதில் விழுந்தால் முகம் சிவக்கும்.

மதுரைப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போனாலும் விடிவில்லை. உயிர் அயிரை வாங்கி, சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசத் தயாராக இருக்கும். இவர் அதில் ஒன்றை டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். அயிரையும் லோச்தானே. 1846இல் வாலன்சியென் என்பவர் அதற்கு வைத்த பெயர் தெர்மாலிஸ். இலங்கையின் வெந்நீர் ஊற்றில் கிடைத்ததால் வந்த பெயர். "மாப்பிள்ள, குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வரும். வெந்நீர் மீன் வெந்நீருக்கே போகும்.

இத்தனையையும் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. ஜீப்ரா லோச் என்று விற்கும் போட்டியா ஸ்ட்ரியாட்டா மேற்குத்தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள மீன். அது எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று கடையில் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். கோழிக்கோடு பக்கம் ஒரு கிணற்றுக்குள் கிடைத்து, 2019இல் பெயர் பெற்ற மண்புழு போன்ற மீனைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குழந்தையின் முகம் வந்துவிடும். முதுகுத் துடுப்பும் இல்லை, இடுப்புத் துடுப்பும் இல்லை. ஓமப்பொடிக்கு வடக்கத்திச் சொந்தமான புஜியாவின் பெயரை அதற்கு வைத்தார்கள்: பாஞ்சியோ புஜியா. அந்த ஒரு மீனின் பெயரை மட்டும் கேட்காமலே சொல்வார்.

ஆனால் தொட்டி வைத்திருப்பவர் பெயரைக் கேட்டது பெயருக்காக இல்லை. எவ்வளவு வளரும், எத்தனை வாங்க வேண்டும், என்ன போட வேண்டும் என்பதற்காகத்தான். போட்டியா என்று தெரிந்துவிட்டாலே இதில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் சொல்லிவிடலாம்: தனியாக வைக்கக் கூடாது, ஐந்தாறாவது வேண்டும், ஒளிய இடம் வேண்டும், தீனி அடியில் போய்த் தங்க வேண்டும். கிளவுன் லோச் ஒரு அடி வளரும் என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால், எத்தனையோ வீடுகளில் அது இரண்டடித் தொட்டியில் முடங்கிக் கிடக்காது. அதைச் சொல்ல மீசையை எண்ண வேண்டியதில்லை.

யோயோ இல்லை என்று சொல்லப்பட்ட அந்த மீன் இப்போது ஐந்து அங்குலம். பண்டிதர் கடைசியாகக் கேட்டிருப்பது வாலின் படம்.