கோபுரத்து உச்சிக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: சக்கர நாற்காலிக்காரர் ஒருவர், கிழக்குத் தாம்பரம்.

பெறுநர்: நீர்நிலைகளில் பறவை பார்க்கக் கோபுரம் கட்டும் அதிகாரி (எந்தத் துறையானாலும் சரி, கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறதோ அவர்).

பொருள்: எங்களிடமிருந்து பறவைகளைக் காப்பாற்றி வருவதற்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

கூழைக்கடா தண்ணீரில் மிதக்கிறது. தாழைக்கோழி கோரைக்குள் நடக்கிறது. இவற்றைப் பார்க்க மனிதன் மட்டும் மாடி ஏற வேண்டும் என்று கண்டுபிடித்த தங்கள் மேதைமையை வணங்குகிறேன். வேடந்தாங்கல் கோபுரத்தின் அடியில் இருந்து அண்ணாந்தால், பறவை பார்ப்பவர்களின் செருப்பு நன்றாகத் தெரிகிறது.

பூங்கா வாசல்களில் பைக்கைத் தடுக்க நடும் இரும்புக் குழாய்களும் அருமை. பைக் எப்படியோ வளைந்து நுழைந்துவிடும். சக்கர நாற்காலிதான் சட்டத்தை மதித்து வெளியே நிற்கும்.

2022 மறக்க முடியாத ஆண்டு. பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களை எல்லாருக்கும் ஏற்றதாக மாற்றக் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு ஜூனில் முடிந்தது. நவம்பரில் மெரினாவில் எங்களுக்காக மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. தங்கள் கோபுரங்களுக்கு அந்த ஆபத்தே இல்லை. கட்டாத சாய்தளத்தை எந்தப் புயலும் உடைக்காது.

உள்ளதைச் சொன்னால், எல்லாருக்குமான பறவைக்காட்சி எங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே உண்டு. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை வெட்டிக்கொண்டு போகிறது. பருவத்தில் கார் ஜன்னலிலிருந்தே பூநாரை தெரியும். சதுப்புக்குச் செய்த கேடு எங்களுக்குச் சலுகையாகிவிட்டது. என்ன, வண்டியை நிறுத்தத்தான் முடியாது. பின்னால் வரும் தண்ணி லாரிக்குப் பூநாரையில் ஈடுபாடு இல்லை.

ஆகவே புதுக் கோபுரம் வேண்டாம். கரையில் சமதளப் பாதை, உட்கார்ந்தவர் கண் உயரத்தில் மறைப்புத் தட்டியில் ஒரு திறப்பு, முதுகு சாய பெஞ்சு, நாற்காலி நுழையும் கழிப்பறை போதும். அதுவரை வாசலில் ஒரு பலகை: பாதை எத்தனை மீட்டர், படி எத்தனை, கழிப்பறை எங்கே. சக்கர நாற்காலியில் பறவை பார்க்கும் விர்ஜீனியா ரோஸ் அமெரிக்காவில் தொடங்கிய ‘பேர்டபிலிட்டி’ இந்த விவரங்களைத்தான் இடம் இடமாகத் திரட்டி வரைபடத்தில் ஏற்றுகிறது. படிகளை மாற்றப் பணமில்லை என்றால் எண்ணவாவது செய்யலாமே.

‘பார்வையற்றவர் வந்து எதைப் பார்ப்பார்?’ என்று கோப்பில் குறிப்பு எழுதிவிடாதீர்கள். நன்மங்கலம் காட்டில் புதருக்குள்ளிருந்து செம்போத்து குரல் கொடுத்தால், பைனாகுலர்காரர் இன்னும் தேடிக்கொண்டிருப்பார். பார்வையற்றவரோ அதன் பெயரைச் சொல்லி முடித்திருப்பார்.

எங்கள் தகுதி பற்றியும் ஐயம் வேண்டாம். பறவை பார்க்க முதலில் வேண்டியது, ஒரே இடத்தில் அசையாமல் இருப்பது. அதில் எங்களை மிஞ்சத் தங்கள் மேசைக் கோப்பால் மட்டுமே முடியும்.

இப்படிக்கு,
கோபுரத்தின் அடியிலிருந்து.