ஏரிக்கு டைல்ஸ் ஒட்டியாச்சா தம்பி?

வா தம்பி, இப்படித் திண்ணையில உக்காரு. உங்க அபார்ட்மென்ட்காரங்க எல்லாம் சேர்ந்து நம்ம ஊர் ஏரியைத் தத்து எடுக்கப் போறீங்களாமே? பெத்தவங்க நாங்க இன்னும் உசுரோடதான் இருக்கோம். இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்குங்க.

எழுபத்தெட்டு வயசாகுது எனக்கு. ஏரி எப்படி நிறையும்னும் பார்த்திருக்கேன், எப்படிச் சாகும்னும் பார்த்திருக்கேன். அந்தப் பாத்தியதையில ரெண்டு யோசனை சொல்றேன், கேட்டுக்கோ.

முதல்ல ஒரு பெரிய இரும்பு கேட்டு போட்டுடுங்க. தண்ணி வருதோ இல்லையோ, திறப்பு விழாக் கல்லு வந்துடணும். பேரெல்லாம் எழுத இடம் பத்தலைன்னா இன்னொரு கல்லு நட்டுக்கலாம், ஆனேக்கல்ல கல்லுக்கா பஞ்சம்? அப்புறம் கரை. மண்ணாவே விட்டா செருப்புல ஒட்டும், அதனால சுத்தி டைல்ஸ் ஒட்டிடுங்க. கோரையும் நாணலும் பார்க்க அசிங்கம், வழிச்சு எறிஞ்சுடுங்க. அதுக்குள்ளதான் நீர்க்கோழி முட்டை வைக்கும். வைக்கட்டுமே, அதுவும் லோன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கிக்கட்டும். கரை நெடுக விளக்குக் கம்பம் ரொம்ப அவசியம். பாவம், கொக்கு ராத்திரியில பேப்பர் படிக்க முடியாமக் கஷ்டப்படுது.

ராஜகாலுவே பேச்சை மட்டும் எடுத்துடாதே. மேல் ஏரி நிறைஞ்சு கோடி விழுந்தா அந்தக் கால்வாய் வழியாத்தான் தண்ணி கீழ் ஏரிக்கு வரும். இப்ப அது உங்க காம்பவுண்டுக்குக் கீழ எங்கயோ தூங்குது, தூங்கட்டும். எழுப்பினா யாரோட கார் நிறுத்துற இடம் போகுமோ!

இந்த யோசனையெல்லாம் கேக்காமக் கெட்டுப்போன ஆளு ஒருத்தர் நம்ம தாலுகாவிலேயே இருக்கார். ஆனந்த் மல்லிகவாட்னு பேரு, மெக்கானிக்கல் எஞ்சினியர். ஜிகணிப் பக்கம் கியாலசனஹள்ளியில 36 ஏக்கர் ஏரி காஞ்சு கிடந்துச்சு. 2017-ல அவர் வேலை பார்த்த சன்சேரா கம்பெனியோட சமூகப் பொறுப்புப் பணத்துல ஒரு கோடிக்கு மேல வாங்கி, ஊர்க்காரங்களையும் சேர்த்துக்கிட்டு, 45 நாள்ல மழைக்கு முன்னாடி தூர்வாரி முடிச்சார். சிமெண்டு வெக்கலை. அள்ளின மண்ணையே கரைக்குப் போட்டார், மிச்சத்தை நடுவுல தீவாக் குவிச்சு பறவைக்கு விட்டார், சுத்தி மரக்கன்னு வெச்சார். மழை வந்துச்சு, ஏரி நிறைஞ்சுது. சோழர் காலத்து ஏரி முறையைப் படிச்சுட்டுப் பண்ணினாராம். எஞ்சினியரிங் படிச்சவர் எங்க பாட்டன் வேலையைத் தேடிப் படிச்சிருக்கார் பாரு, அதைக் கேட்ட அன்னிக்கு எனக்கு ரெண்டு உருண்டை களி கூடுதலா இறங்குச்சு.

அவர் பண்ணினது எங்க காலத்துல பெரிய சமாச்சாரமே இல்லைப்பா. கோடை வந்தா வண்டியைப் பூட்டிக்கிட்டுப் போய் ஏரி வண்டலை அள்ளி ராகிக் கொல்லையில கொட்டுவோம். கொல்லைக்கு எரு ஆச்சு, ஏரிக்கு ஆழம் ஆச்சு. டெண்டரும் இல்லை, பில்லும் இல்லை. தூம்பைத் திறக்கவும் அடைக்கவும் நீருகண்டின்னு ஒரு ஆளு. சொந்தத் தம்பி கொல்லை காஞ்சாலும் முறை வராமத் திறக்க மாட்டான். அறுவடையில ஊரே அவனுக்குத் தானியம் அளக்கும். யூரியா மூட்டை வந்துச்சு, வண்டல் அள்ளுறது நின்னுச்சு. போர் போட்டாங்க, நீருகண்டி வீட்டுக்குப் போயிட்டான். ஏரி செத்தது அங்கதான் ஆரம்பம். உங்க மேல மட்டும் பழி போட மாட்டேன், நாங்களும் உடந்தைதான்.

நீங்க கணக்குப் படிச்சவங்க, ஒண்ணு கேக்கறேன். இதே தாலுகாவுல சந்தாபுரா ஏரி இருக்கு. அதைக் கெட்டுப்போக விட்டதுக்கு 2022 அக்டோபர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் கட்டச் சொல்லிச்சு. கியாலசனஹள்ளியில சரிபண்ண ஆனது ஒரு கோடிச் சொச்சம். எது மலிவுன்னு உங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்துச் சொல்லு. நம்ம கிழக்குப் பக்கத்துத் தண்ணி தென்பெண்ணைக்குத்தான் ஓடுது. பெங்களூர்ல துணி துவைச்ச நுரை ஓசூர் கெலவரப்பள்ளி அணையில வந்து பொங்குது. என் சம்பந்தி அந்த ஊர்தான். போன் பண்ணினா, 'உங்க ஊர்ச் சீர்வரிசை வந்து சேர்ந்துச்சு'ங்கறான்.

பன்னேர்கட்டா காட்டுக் கதையும் இதேதான். 1974-லயே தேசியப் பூங்கான்னு சொல்லிட்டாங்க. காட்டைச் சுத்திப் பாதுகாப்பு மண்டலம் 268 சதுர கிலோமீட்டர்னு முதல்ல எழுதி, 2020-ல 168-ன்னு முடிச்சாங்க. யானைக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பலை போல, அது பழைய கணக்குப்படியே ராகி தின்ன வருது.

நம்ம தாலுகா பேரையே பாரேன். கன்னடத்துல ஆனேகல்லுன்னா ஆலங்கட்டி, தெரியுமா? விழும்போது ஊரே அதிரும், பொறுக்கப் போனா ஈரம்தான் இருக்கும். ஏரித் திட்டத்துல பாதி அந்த ஜாதி.

ஏரியை எப்படி ரசிக்கணும்னு கேட்டியே, அதுக்குச் செலவே இல்லை. வெயில் தாழ கரையில உக்காரு, வாயை மூடு. வாத்துக்கு பிரெட்டு போடாதே, அதுக்குப் பூச்சியும் பாசியும் தெரியும். கரையில நட்டது புங்கனா நாவலான்னு பேர் தெரிஞ்சா போதும். மீன்கொத்தி பாய்றதைப் பார்த்தா பாரு, போட்டோ வரலைன்னா விடு.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு உங்க ஆளுங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வா. ஏரிக்கு இல்லை, உங்க காம்பவுண்டுக்குப் பின்னால அந்தக் கால்வாய்க்கு. மண்வெட்டி அஞ்சு என்கிட்ட இருக்கு. கேட்டையும் கல்லையும் அப்புறம் பேசிக்கலாம்.