தோள் நடித்த படம்

டீக்கடையில் "மாஸ்டர், ஒரு டீ" என்று குரல் கொடுக்க எனக்கு வராது. மாஸ்டராகப் பார்த்து, "என்ன தம்பி, டீயா?" என்று கேட்கும்வரை நிற்பேன். காபி குடிக்க வந்திருந்தாலும் தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பேன். டிக்கெட்டின் பின்னால் கண்டக்டர் எழுதிக் கொடுத்த மீதிச் சில்லறையை அரசாங்கத்துக்கே நன்கொடையாக விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். இப்படிப்பட்டவன் சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்றதும் அப்பா சிரிக்கக்கூட இல்லை. "முதல்ல வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க முன்னாடி வந்து நில்லு. கேமரா முன்னாடி அப்புறம் நிக்கலாம்" என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் கூச்சம். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதப் போன விஜய் சேதுபதி, அங்கே நடிப்பவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்து, 2010இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' நாயகன் ஆகிவிட்டார். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதுதான் தகுதி என்றால் என்னை மிஞ்ச ஆளில்லை.

சாலிகிராமத்தில் அறை எடுத்தேன். ஆடிஷனில் பெயர், ஊர், உயரம் சொல்லி, வலமும் இடமும் திரும்பிக் காட்ட வேண்டும். திரும்புவது எனக்கு அருமையாக வந்தது. அந்த அழகுக்கே ஒரு வாய்ப்பும் வந்தது. ஒருவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரின் முகத்தை எடுப்பதற்குப் படப்பிடிப்பில் 'சஜஷன்' என்று பெயர். தோளுக்குச் சொந்தக்காரர் கேரவனில் ஓய்வெடுக்க, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நான் நின்றேன். தியேட்டரில் அம்மா சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். "அந்தக் கூன் நம்ம பையனுதுங்க."

பிறகு உதவி இயக்குநர்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். கிளாப் அடித்தால் நான் சொல்லும் சீன் நம்பர் எனக்கே கேட்காது. அதனால் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டிங் வேலையைக் கொடுத்தார்கள். குளோசப்பில் நடிகர் எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசியே ஆக வேண்டியதில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. லென்ஸுக்குப் பக்கத்தில் யாராவது முஷ்டியை உயர்த்திப் பிடிப்பார்கள். அதுதான் 'லுக்'. காதல், கண்ணீர், தங்கைப் பாசம் எல்லாம் அந்த முஷ்டியிடம்தான். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் என்னைப் போன்ற ஆள்தான்.

ஒருநாள் நாயகி சீக்கிரம் கிளம்பிவிட்டார். அவர் வசனத்தையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. முஷ்டியைத் தூக்கிப் பிடித்து, தரையைப் பார்த்தபடி, "என்னை ஏன்டா காதலிச்சே?" என்றேன், கேஸ் சிலிண்டர் புக் பண்ணுகிற தொனியில். நாயகன் சிரித்து டேக் போனது. அடுத்த டேக்கும் போனது. "தம்பி, கொஞ்சம் ஃபீல் பண்ணிச் சொல்லுப்பா" என்றார் இயக்குநர். லைட்மேன்கள் வரை வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஃபீல் பண்ணினேன். அதற்கப்புறம் நாயகன் என்னிடம் கொஞ்சம் தள்ளி நின்றே பேசினார்.

அடுத்தது சொந்தக் குறும்படம். "ஆக்ஷன்" என்று கத்த வேண்டுமே என்ற பயத்தை கிளின்ட் ஈஸ்ட்வுட் தீர்த்துவைத்தார். டி.வி. வெஸ்டர்ன் தொடரில் நடித்த காலத்தில் அந்தச் சத்தத்துக்குக் குதிரைகள் மிரண்டதைப் பார்த்தவர், தான் இயக்குநரான பிறகு கத்துவதில்லையாம். மெல்லிய குரலில் தொடங்கச் சொல்வாராம். என் படத்தில் குதிரை இல்லை, திண்ணையில் டீ குடிக்கும் ஒரு பெரியவர்தான். இருந்தாலும் கொள்கை கொள்கைதானே? பக்கத்தில் போய், "ஐயா, முடிஞ்சா ஆரம்பிக்கலாங்களா?" என்றேன். ஆரம்பித்தார்.

ஆரம்பிக்க வழி சொன்ன ஈஸ்ட்வுட், முடிக்கச் சொல்லித் தரவில்லை. ரசித்துக் குடிக்கிற மனிதரிடம் எப்படி "கட்" என்பது? பெரியவர் டம்ளரைக் காலி செய்தார். துண்டால் வாயைத் துடைத்தார். தெருவைப் பார்த்தார். வெறும் டம்ளரை எடுத்து மறுபடியும் குடித்தார். பெருமூச்சு விட்டார். கேமராவில் பேட்டரி தீர்ந்தது.

திரையிடலில் அந்த ஷாட்டுக்குத்தான் கைதட்டல். ஜிப்பா போட்ட ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கியாரோஸ்தமி பாதிப்பு நல்லாத் தெரியுது, சரிதானே?" என்றார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் தலையாட்டினேன். அடுத்த மாதம் ஒரு கல்லூரியில் ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசுகிறேன். அவர்களிடமும் மறுக்க முடியவில்லை.