சார், பாத்ரூம் வருது

'டாய்லெட்' என்ற பலகைகளைக் கழற்றிவிட்டு 'ரெஸ்ட் ரூம்' என்று மாட்டும் வைபவம் ஊரெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. ஓட்டல், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் என்று எதுவும் பாக்கியில்லை. உள்ளே ஒரு குழாய்கூட மாறவில்லை. வெளியே பெயர் மட்டும் பளபளக்கிறது. டாய்லெட் என்று வாய் திறந்து கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒரே ஓர் அறைக்கு ஏன் இத்தனை பெயர்களை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள்? ஆதாரங்களைப் பார்த்துவிடலாம்.

இன்று முகம் சுளிக்க வைக்கும் டாய்லெட்டே ஒரு காலத்தில் சீமாட்டிகளின் சொல். பிரெஞ்சில் அது சின்னத் துணியைக் குறித்தது. அலங்கார மேசைமேல் விரிக்கும் துணிக்குப் பெயராகி, பிறகு மேசைக்கும், மேசைமுன் அமர்ந்து செய்யும் அலங்காரத்துக்கும், அலங்காரம் செய்யும் அறைக்கும் பெயரானது. அலெக்சாண்டர் போப் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'தி ரேப் ஆஃப் தி லாக்' காவியத்தில் நாயகி பெலிண்டாவின் டாய்லெட்டில் பவுடரும் சீப்பும் பைபிளும் பரப்பிக் கிடக்கும். எவரும் மூக்கைப் பொத்துவதில்லை. லாவட்டரி என்றால் லத்தீன் வழியில் கழுவும் இடம். பிரிவி என்றால் தனிமை. வாட்டர் குளோசெட் என்றால் தண்ணீர் வசதியுள்ள சிற்றறை. எல்லாமே வேலைக்குச் சேரும்போது கௌரவமாகச் சேர்ந்து, சில தலைமுறைகளில் நாறிப்போய் ஓய்வு பெற்றவை. இந்த ஓட்டத்துக்கு 1994-இல் உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் வைத்த பெயரைத் தமிழில் 'இடக்கரடக்கல் ட்ரெட்மில்' எனலாம். ஓடிக்கொண்டே இருக்கலாம்; இடம் மட்டும் நகராது.

சரி, புதுப் பெயராவது உண்மை பேசுகிறதா? ரெஸ்ட் ரூமில் ரெஸ்ட் எடுத்தவர் யார்? வெளியே நாலு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஒருவர் ஒரு கையால் பையையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு செய்யும் உடற்பயிற்சிக்கு ஓய்வு என்று பெயரா? பிலிப்பைன்ஸில் இதற்கு 'கம்ஃபர்ட் ரூம்' என்று பெயர், சௌகரிய அறை. கனடாவில் 'வாஷ்ரூம்'. அமெரிக்காவில் 'பாத்ரூம்', அதில் பாத் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே வீடு விற்கிறவர்கள் 'இரண்டரை பாத்' என்று விளம்பரம் செய்வார்கள். அந்த அரை பாத் என்பது குளிக்கவே வழியில்லாத பாத்! பூஜ்யத்தை அரை என்று கணக்கிட்ட தேசம் அதோடு நிற்கவில்லை. வளர்ப்பு நாய் கம்பளத்தை அசிங்கப்படுத்தினால், 'நாய் கம்பளத்தில் பாத்ரூம் போய்விட்டது' என்கிறார்கள். நாய் எந்த ரூமுக்கும் போகவில்லை என்பதுதானே அங்கே புகாரே?

நாம் இவர்களையும் மிஞ்சிவிட்டோம். அமெரிக்கன் பாத்ரூமுக்குப் போகிறான். நமக்கோ பாத்ரூமே வருகிறது. 'சார், பாத்ரூம் வருது' என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகள் விரலை நீட்டுகிறார்கள். எந்த வாத்தியாரும் எந்தத் திசையிலிருந்து என்று கேட்பதில்லை. பஸ் வரும், மழை வரும், மாமியார் வருவார். செங்கல்லும் சிமென்டும் வைத்துக் கட்டிய ஓர் அறை எப்படி வரும்? சில சமயம் அவசரமாக வேறு வருகிறது. பெரியவர்கள் அதை மணிக்கணக்கில் அடக்கி வைத்துக்கொண்டு பிரயாணம் செய்கிறார்கள். ஒரு முழு அறையை, கதவு ஜன்னலோடு! தானாகவே வருகிற கட்டடம் என்றால், நெடுஞ்சாலையில் நாம் ஏன் பத்து மைலுக்கு அதைத் தேடிக்கொண்டு போகிறோம்? இப்போது பணக்காரப் பள்ளிகளில் 'மிஸ், ரெஸ்ட் ரூம் வருது' என்று முன்னேறியிருக்கிறார்கள். அடுத்து பவுடர் ரூம் வரும். பவுடர் வராது.

நாகரிகமாகப் பேசுவதில் என்ன தப்பு, தமிழிலேயே இடக்கரடக்கல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நன்னூல் அதைத் தகுதி வழக்கில் முதலாவதாக வைக்கிறது. 'கால் கழுவி வந்தேன்' என்பது புலவர்கள் காட்டும் உதாரணம். ஆனால் அவர் கழுவிக்கொண்டுதான் வந்தார். நடந்ததில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினார். ஓய்வெடுத்து வந்தேன் என்று புளுகவில்லை. இலங்கையில் 'மலசலகூடம்' என்று பலகையில் பச்சையாக எழுதியிருக்கிறார்கள். அதனால் அங்கே யாருடைய கௌரவமும் குறைந்ததாகத் தெரியவில்லை. மலம் என்பதும் அழுக்கு என்ற பொதுப் பொருளிலிருந்து இறங்கி வந்த சொல்தானே, சைவ சித்தாந்தத்தில் மும்மலம் இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம். எந்தச் சொல்லை வைத்தாலும் அந்த அறை அதைத் தன் நிறத்துக்கு மாற்றிவிடும் என்றால், மாற்றுவதற்கு எதற்கு இத்தனை செலவு?

கௌரவம்தான் காரணம் என்பவர்களும் ஏமாந்துபோவார்கள். இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பேச்சை 1954-இல் ஆராய்ந்த மொழியியலாளர் ஆலன் ராஸ், 'லாவட்டரி பேப்பர்' என்பது உயர்குடி வழக்கு, 'டாய்லெட் பேப்பர்' அப்படியல்ல என்று வகுத்தார். நாம் கொச்சை என்று கைவிடும் சொல்லை அங்கே அந்தஸ்து தேடியவர்கள் நாசூக்கு என்று நம்பிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவிலோ 1960-இல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜாக் பார் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவை சொன்னார். ஒரு சீமாட்டி டபிள்யூ.சி. (வாட்டர் குளோசெட்) எங்கே என்று கேட்டு எழுத, அதைத் தேவாலயம் என்று எண்ணிப் பதில் எழுதுகிறார்கள். அசல் பெயர்கூட இல்லை, இடக்கரடக்கலின் முதலெழுத்துகள் மட்டும்தான். அதையும் அவருடைய சேனலான என்.பி.சி. வெட்டியது. மறுநாள் அவர் நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். மறைப்புக்கும் மறைப்பு கேட்டால் இப்படித்தான் முடியும்.

பெயரால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கடைசியாகக் கேட்கலாம். அவசரத்தில் இருப்பவனுக்கு நஷ்டம். அவன் அகராதியோடு வருவதில்லை. எழுத்தே வேண்டாம், படம் போதும் என்று 1974-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட குறியீடுகளிலும் ஓர் ஆணும் பெண்ணும் சும்மா நிற்கிறார்கள், பஸ்ஸுக்குக்கூட நிற்கலாம். அதுவும் போதாதென்று இப்போதைய உணவகங்களில் ஒரு கதவில் மீசை, இன்னொரு கதவில் உதட்டுச்சாயம். தொப்பியா விசிறியா என்று புதிர் அவிழ்க்கிற நிலையிலா மனிதன் அங்கே வந்து நிற்கிறான்? பலகைக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு தாழ்ப்பாளும், பை மாட்ட ஒரு கொக்கியும், ஓட்டையில்லாத ஒரு மக்கும் வாங்கிப் போடுங்கள். பிறகு வாசலில் வைகுண்டம் என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.