லண்டனில் முளைத்த ஈரோஸ்

கேள்வி: "ஈரோஸ் எண்டால் என்ன?" என்று பேரன் கேட்கிறான். என்ன சொல்வது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: முதலில் லண்டனைச் சொல்லுங்கள். 1975இல் இளையதம்பி இரத்தினசபாபதியும் தோழர்களும் அங்கேதான் தொடங்கினார்கள். ஈழத் தமிழரின் சின்ன ஆயுதப் போராட்ட அமைப்பு, வாசிப்பும் விவாதமும் அதிகம். மலையகத் தமிழரையும் ஈழத்தவராக எண்ணியது அதன் பெருமை. குண்டும் வைத்தது; அதையும் மறைக்காதீர்கள்.

1989 தேர்தலில் அதன் சுயேச்சைகள் 13 பேர் வென்றார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் அப்படி! மறுவருடமே தலைவர் பாலகுமாரன் அமைப்பைக் கலைத்துவிட்டுப் புலிகளோடு சேர்ந்தார்.

பிறகு வன்னி. 2009 போர் முடிவில் மகனோடு அவர் இராணுவப் பிடியில் இருக்கும் படம் வெளிவந்தது. படம் வந்தது, ஆள் வரவில்லை.

பேரனைக் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடிக்குக் கூட்டிப்போங்கள். அவரைப்போலக் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், பிள்ளைகளின் படங்களோடு 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கிய இடம் அது.