டோபமைன் உணரிக்கு ஒரு பாராட்டுரை

ரத்தத்தில் டோபமைனைத் தேடும் நானோ உணரியின் அருமையை யாராவது வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். கார்பன் நானோகுழாய், அதன்மேல் கிராஃபீன், அதன்மேல் தங்கத் துகள் என்று ஒரு மின்முனைக்கு இத்தனை நகை பூட்டி அழகு பார்க்கும் பொறுமை எல்லாத் துறைக்கும் வாய்க்காது. 2020இல் வேதியியலாளர் மார்ட்டின் புமெராவின் குழு கிராஃபீனில் பறவை எச்சத்தைக் கலந்து பார்த்தது. அப்போதும் அதன் மின்வினையூக்கத் திறன் கூடியது. எதைச் சேர்த்தாலும் சிறக்கும் பொருளுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்காது.

உணரியின் தூய்மை நாட்டமும் போற்றத்தக்கது. டோபமைனைத் தவிர வேறெதுவும் இல்லாத பஃபர் கரைசலில் டோபமைனை அது தவறாமல் கண்டுபிடித்துவிடும். ரத்தம் அவ்வளவு ஒழுங்கான இடமல்ல. பிளாஸ்மாவில் தனித்துத் திரியும் டோபமைன் சாதாரணமாக ஒரு நானோமோலாரைக்கூட எட்டாது. யூரிக் அமிலமோ சில நூறு மைக்ரோமோலார், அதாவது பல லட்சம் மடங்கு. வைட்டமின் சியும் கூடவே இருக்கும். வெறும் கார்பன் மின்முனையில் மூன்றும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அவற்றின் சமிக்ஞைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

இந்த நெரிசலில் உணரி நசுங்காதபடி ஆய்வாளர்கள் பலர் காட்டும் கரிசனம் நெகிழ வைக்கிறது. சீரத்தை முதலில் ஐம்பது மடங்கு, நூறு மடங்கு நீர்க்க வைக்கிறார்கள். அதில் இயல்பாக இருந்த துளி டோபமைனும் கரைந்து போயிற்றே என்று யாரும் வருந்த வேண்டாம். தாங்களே சில மைக்ரோமோலார் அளந்து ஊற்றிவிடுகிறார்கள், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு. பிறகு அளந்து பார்த்து, ஊற்றியதெல்லாம் திரும்பக் கிடைத்தது என்று நூறை ஒட்டிய விழுக்காட்டை அட்டவணையில் ஏற்றுகிறார்கள். கொடுத்ததைக் குறையாமல் திருப்பித் தரும் இந்த நாணயத்தை எந்த அடகுக்கடையிலும் பார்க்க முடியாது.

இரக்கமும் உண்டு. ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தியில் பார்க்கின்சன் நோயாளிக்குத் தவறாமல் ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடையை டோபமைன் தாண்டாது; தாண்டாததால்தான் நோயாளிக்கு டோபமைனுக்குப் பதிலாக லெவோடோபா கொடுக்கிறார்கள். ரத்தத்தில் ஓடும் டோபமைன் பெரும்பாலும் மூளைக்கு வெளியே உண்டானது. கை நடுங்கும் ஒருவரின் மூளையில் எத்தனை செல்கள் மடிந்தன என்பதை அந்த எண் சொல்லாது. சொல்லாவிட்டாலும், அவருக்கும் அவர் வீட்டாருக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் விடை வருகிறது என்ற நம்பிக்கையை இடைவிடாமல் கொடுத்துவருவது சாதாரணக் கொடையா?

எல்லாவற்றுக்கும் மேல் உணரியின் அடக்கம். கண்டறியும் எல்லை நானோவிலிருந்து பிக்கோவுக்கும் ஃபெம்டோவுக்கும் இறங்கிவிட்டதாக அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அட்ரினல் கட்டியைச் சந்தேகிக்கும் மருத்துவர் மட்டும் இன்றும் அட்ரினலினின் சிதைபொருளான மெட்டாநெஃப்ரின் அளவைத்தான் கேட்கிறார். பெரிய ஆய்வகங்கள் அதை நிறை நிறமாலைமானியில் அளந்து அனுப்புகின்றன. அந்தக் கனத்த, விலை மிகுந்த இயந்திரத்தின் வேலையை நம் உணரி இதுவரை பறித்துக்கொள்ளவில்லை.