சிநேகிதிகளுக்கு ஒரு ஸ்லாட்

தமிழ் சீரியலில் பெண்களுக்குப் பஞ்சமா என்று கேட்டால் ஊரே சிரிக்கும். மாமியார், மருமகள், நாத்தனார், ஓரகத்தி, செத்துப் பிழைத்து வேறு முகத்தோடு வந்தவள் என்று பங்களா முழுக்கப் பெண்கள்தான். பட்டுப்புடவையோடு தூங்கி, பொட்டு கலையாமல் எழுந்திருக்கிறார்கள். ஆனால் இவர்களில் எத்தனை பேருக்குச் சிநேகிதி உண்டு? அப்படியே ஒருத்தி வந்தாலும், கதாநாயகி அழும்போது தோள் கொடுப்பதுதான் அவள் வேலை. நாலு வாரத்தில் வெளியூருக்கு மாற்றலாகிப் போய்விடுவாள். பாலில் எதையோ கலக்கிக்கொண்டு வருகிறவள் மட்டும் கடைசி எபிசோடு வரை கூடவே இருப்பாள்.

நானும் ‘சித்தி’ காலத்திலிருந்து பார்க்கிறவள். 2002இல் வந்த ‘மெட்டி ஒலி’யில் சிதம்பரத்துக்கு ஐந்து பெண்கள். ஐந்து வளர்ந்த பெண்கள் ஒரு வீட்டில் இருந்தால் எவ்வளவு பேச்சு இருக்கும்! ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்புறம் அவர்கள் ஒன்றுகூடியதெல்லாம் பெரும்பாலும் அழத்தான். 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்க’ளில் தேவயானி தனியாளாகக் கட்டுமானத் தொழில் நடத்தினார். நட்பு என்றதும் அதில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தொல்ஸ் என்கிற தொல்காப்பியன்தான். அந்த வேடத்தில் நடித்தவர் தொடரின் இயக்குநர் திருச்செல்வம். வேறு யாரையும் நம்பி அந்தப் பொறுப்பைத் தர அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

அதே திருச்செல்வம் 2022இல் ‘எதிர்நீச்சல்’ எடுத்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓரகத்திகள் நாலு பேர், ஒருத்தி கழுத்தை ஒருத்தி நெரிக்காமல், அடுக்களையில் நின்று குசுகுசுவென்று ஒற்றுமையாகப் பேசுகிறார்கள். இதுதானடி நாம் காத்திருந்தது என்று நினைத்தேன். கடைசியில் ஊர் முழுக்க எதிரொலித்தது எது? ஆதி குணசேகரனின் “இந்தாம்மா, ஏய்!” மாரிமுத்து அப்படி நடித்துவிட்டார், பாவம், அவரைக் குறைசொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது எங்கள் தெருவில் சீரியலே பார்க்காதவர்கள்கூட வருத்தப்பட்டார்கள். ஆனாலும் நாலு பெண்கள் சேர்ந்து நடத்திய கதையில், நினைவில் நின்ற ஒற்றை வசனம் ஒரு ஆண்பிள்ளை போட்ட அதட்டல்தான்.

சொந்தம் இல்லாத பெண்கள் சேர்ந்தால் என்ன பேசுவார்கள் என்று தெரியாதவர்கள், காலை எட்டு மணிக்குத் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறிப் பார்க்கலாம். (ஆண்கள் ஏறினால் அபராதம், சீரியல் எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு விஷயம் தெரியாமல் போனதற்கு இதுவும் காரணமோ என்னவோ.) குரோம்பேட்டையில் ஏறுகிறவளுக்குக் கைப்பையை வைத்து இடம் பிடித்திருப்பார்கள். ஒருத்தி முல்லை தொடுப்பாள், ஒருத்தி பூண்டு உரிப்பாள். சேத்துப்பட்டு வருவதற்குள் பி.எஃப். லோன், பெண்ணின் ஜாதகம், முட்டிவலித் தைலம் மூன்றும் அலசப்பட்டிருக்கும். அக்கவுண்ட்ஸ் அக்கா ஒருவர் சீசன் டிக்கெட்டால் விசிறிக்கொண்டே வருவார். வெளியே மார்கழி, அவருக்கு மட்டும் அக்னி நட்சத்திரம். “உங்க மருமக எப்படிங்க?” என்று யாரோ கேட்டார்கள். “நல்ல பொண்ணுங்க. அதான் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல,” என்றார் அக்கா மனத்தாங்கலோடு.

என் சித்தி மகன் சீரியலுக்கு வசனம் எழுதுகிறான். அவனிடம் இதைச் சொன்னேன்.

“வில்லி யாருக்கா?”

“முட்டிவலி.”

“வெளையாடாதீங்கக்கா.”

“சரி, மெனோபாஸ்.”

“ஐயோ, குடும்பத்தோட பாக்குற நேரத்துல அதெல்லாம் காட்ட முடியாதுக்கா.”

பாலில் விஷம் காட்டலாம், கர்ப்பிணியை மாடிப்படியில் உருட்டிவிடலாம், அதெல்லாம் குடும்பக் காட்சி. “இவங்க புருஷங்க எல்லாம் எங்க?” என்றான். “வீட்ல, இட்லிக்கு மாவு அரைக்கிறாங்க,” என்றேன். அதற்கப்புறம் அவன் குரலில் சுரத்தே இல்லை.

அவன் பக்கத்திலும் நியாயம் உண்டு. அரைமணி நேரத் தொடருக்கு விளம்பரம் போக இருபது நிமிடத்துக்கு மேல் தினம் காட்சி வேண்டும். ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்தால் ஹால், அடுக்களை, பூஜையறை என்று மளமளவென எடுத்துத் தள்ளலாம். ரயில் என்றால் அனுமதி, கட்டணம், கூட்டம். அதனால்தான் சீரியல் பெண்கள் கோயிலுக்குக்கூட அபூர்வமாகத்தான் போகிறார்கள்.

வீடுதானே பிரச்சினை? அமெரிக்காவில் ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ என்று ஒரு தொடர் 1985 முதல் 1992 வரை ஓடியது. மயாமியில் ஒரே வீடு, வயதான நாலு பெண்கள். அவர்களில் இரண்டு பேர் அம்மாவும் மகளும், மற்றவர்கள் சொந்தமே இல்லை. ராத்திரி அடுக்களை மேஜையில் சீஸ்கேக்கை வெட்டி வைத்துக்கொண்டு அரட்டை. நடித்த நாலு பேருமே எம்மி விருது வாங்கினார்கள். இதையும் சொன்னேன். “சீஸ்கேக்குக்குப் பதிலா பஜ்ஜி வெச்சுக்கலாங்க்கா. ஆனா யாரு யாரைக் கொல்லுவா?” என்றான். சாவு இல்லாமல் தீராது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1994இல் வந்த ‘மகளிர் மட்டும்’ படத்தில் ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் ஒரு பிணத்தை வைத்துக்கொண்டு திண்டாடவில்லையா? பிணமாக வந்த நாகேஷை இன்றைக்கும் பேசுகிறோம்.

ஆகவே, சேனல் நடத்துகிற பெருமக்களே, எங்களுக்கு ஒரே ஒரு ஸ்லாட் கொடுங்கள். ஐம்பது வயசுப் பெண்கள் ஐந்து பேர், நூல் புடவை, கொஞ்சம் நரை, நிறையப் பேச்சு. பட்டுப்புடவைச் செலவே உங்களுக்கு மிச்சம். ராத்திரி ஒன்பதரைக்குப் போடுங்கள்; ஆறரை மணிக்குப் போட்டால் பார்க்க முடியாது, நாங்கள் ரயிலில் இருப்போம்.